ரசக்குழிக்குப் பதில் சொன்னவன்

எங்கே போகிறாய் என்று அம்மா கேட்டபோது "மோட்டார் கழட்ட" என்றேன். பொய் இல்லை. அந்த மோட்டார் திராட்சை ரசம் காய்ச்சாமல் பொங்க வைக்கிற ஒரு கூடத்தின் சுவரில் இருக்கிறது என்பதை நான் சொல்லவில்லை; அம்மாவும் கேட்கவில்லை. உக்கடத்தில் என் அத்தா அப்துல் நாசர் வைத்திருக்கும் கடையில் பம்பு, கிரைண்டர், ஃபேன் என்று சுற்றக்கூடிய எதற்கும் காயில் கட்டித் தருவோம். அது யார் வீட்டில் எதற்காகச் சுற்றுகிறது என்று கேட்கிற வழக்கம் கடையில் இல்லை.

கூப்பிட்டவன் ஆல்வின். என்னோடு எலக்ட்ரிகல் கடைசி வருடம் படிப்பவன். வீட்டு எக்ஸாஸ்ட் ஃபேன் புகைந்ததும் அவனுக்குத் தோன்றிய ஒரே தொழில்நுட்பத் தீர்வு எனக்குப் போன் செய்வது. எங்கள் கல்லூரியைப் பற்றி இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

தொண்டாமுத்தூரைத் தாண்டி, மலை சாலைக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிடுகிற இடத்தில் அவர்கள் தோட்டம். பந்தலில் பன்னீர் திராட்சை, பாதி அறுத்தாகிவிட்டது. பந்தலுக்குப் பின்னால் கழுத்தளவு மண்ணுக்குள் இறங்கிய ஒரு கல் கட்டடம். ஆல்வினின் பூட்டன் காலத்திலிருந்து அந்தக் குடும்பம் சுத்துப்பட்டு மாதா கோவில்களின் பூசைக்கு அங்கேதான் ரசம் செய்கிறது. அரசாங்க உரிமம் கண்ணாடிச் சட்டத்துக்குள், இயேசு படத்துக்குப் பக்கத்தில், அவரைவிடப் பெரிதாகத் தொங்கும்.

"வாங்க தம்பி, வெயில்ல வந்துட்டீங்க. மொதல்ல மோர் குடிங்க" என்றார் ஆல்வினின் அப்பா ஜெரோம். கயிற்றுக் கட்டிலில் ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கணுக்காலில் தலையணை அளவு கட்டு.

"என்ன அங்கிள் ஆச்சு?"

"யானை நின்னுட்டிருந்துச்சுங்க ரோட்டுல. வண்டியத் திருப்புனேன்."

"தொரத்துச்சா?"

"திரும்பிக்கூடப் பாக்கல. நானா உழுந்தேன்."

ஆல்வின் சிரித்தான். அவரும் சிரித்தார். அந்த வீட்டில் நான் கேட்ட கடைசிச் சிரிப்பு அது என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். அப்படி இல்லை. அவர் மறுநாளும் சிரித்தார். அதுதான் பிரச்சினை.

மோட்டாரைக் கழற்றினேன். உள்ளே காயில் கரியாகிக் கிடந்தது. கடைக்குக் கொண்டுபோய்க் கட்டிவர மறுநாள் ஆகும் என்றேன்.

ஜெரோம் முகம் மாறியது.

நசுக்கிய திராட்சை தொட்டிக்குள் பொங்கும்போது தோலெல்லாம் மேலே வந்து பாலாடை மாதிரி கெட்டியாக நிற்கும். ஏடு என்பார்கள். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை யாராவது இறங்கி நின்று துடுப்பால் அந்த ஏட்டை அமுக்கிவிட வேண்டும். விட்டால் மொத்தமும் புளித்துக் காடியாகிவிடும். ஒரு வருடத்துப் பூசை ரசம் அந்த ஒரு தொட்டி. ஆனால் பொங்குகிற சாறு விடுகிற காற்று கனமானது. தரையோடு படுத்துக்கொள்ளும். அதற்கு வாசனையும் கிடையாது, இருமலும் வராது. நின்றவன் அப்படியே சரிவான். அதை உறிஞ்சி வெளியே தள்ளத்தான் அந்த ஃபேன்.

"ஃபேனுக்கு முந்தி என்ன பண்ணீங்க?" என்றேன்.

ஜெரோம் கட்டுப் போட்ட காலைக் கட்டிலில் நகர்த்தி வைத்தார். ஆல்வின்தான் சொன்னான். "ஜெபமாலை."

நான் அவனைப் பார்த்தேன்.

"சீரியஸா மாப்ள. உள்ள எறங்கறவன் அருள் நிறைந்த மரியே சொல்வான். அது முன்பாதி. வாசல்ல நிக்கறவன் புனித மரியே சொல்லணும். அது பின்பாதி. முன்பாதி வரலேன்னா உள்ள இருக்கறவன் உழுந்துட்டான்னு அர்த்தம். கயித்தப் புடிச்சு இழுத்துரணும். பத்து தடவை சொன்னதும் மேல வந்து மூச்சு வாங்கிட்டு மறுபடி எறங்கணும். மூணு தடவை எறங்குனா ஏடு முடிஞ்சுது."

"கேஸ் மீட்டர்னு ஒண்ணு விக்கறாங்கடா."

"அது பேட்டரி தீந்தா சொல்லுமா?"

பொதுவாக ஆல்வின் சொல்கிற எதற்கும் என்னிடம் பதில் இருக்கும்.

ஆல்வினின் அம்மா அன்புக்கரசி பெருந்துறையில் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார். சாயங்காலம்தான் வருவார். திராட்சை பொறுக்கிக்கொண்டிருந்த பழனியாத்தாளுக்கு அந்த ஜெபம் வராது. "வந்தாலுஞ் சொல்ல மாட்டேனுங்க" என்றார், கூடையிலிருந்து தலையைத் தூக்காமல்.

"அங்கிள், நீங்க வாசல்ல உக்காந்து சொல்லலாமே?"

"நான் சொல்ல மாட்டேன் தம்பி." கட்டிலின் கயிற்றை விரலால் பிடித்துக்கொண்டார். "என்னைய நம்பி ஒருத்தன் எறங்குனது போதும்."

ஆக, மிச்சம் இருந்தது நான். பன்னிரண்டு வருடம் கான்வென்ட் பள்ளியில் படித்தவன். தினமும் அசெம்பிளியில் கேட்டுக் கேட்டு, ஓம்ஸ் விதியைவிட அது எனக்கு நன்றாக மனப்பாடம்.

வாசலுக்கு நடந்தபோது பழனியாத்தாள் கூடையோடு பின்னால் வந்தார். "ஏனுங்க தம்பி. பத்துக்கு மேல பதில் சொல்லிப்போடாதீங்க."

"ஏனுங்கம்மா?"

"சும்மாதான் சொல்றேன். பத்தோட நிறுத்திப்போடுங்க."

*

கதவைத் திறந்ததும் குளிர்ந்த ஒரு காற்று காலில் பட்டு வழிந்தது. வெளியே நெற்றியில் வேர்வை ஓடுகிற வெயில். முழங்காலுக்குக் கீழே மட்டும் மார்கழி. புளித்த மாவும் அழுகிய ரோஜாவும் கலந்த மாதிரி ஒரு வாசனை. எட்டுப் படி இறங்கி வலது பக்கம் திரும்பினால்தான் தொட்டி. வெளிச்சம் பட்டால் ரசம் கெடும் என்று அப்படித் திருப்பிக் கட்டியிருக்கிறார்கள். அதனால் வாசலில் நிற்பவனுக்கு உள்ளே இருப்பவன் தெரியமாட்டான். குரலும், துடுப்பின் சளப் சளப்பும், கயிற்றின் அசைவும்தான்.

ஆல்வின் நெஞ்சில் நைலான் கயிற்றைக் கட்டிக்கொண்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டான்.

"உழுந்தா இழுடா."

"உன் எடைக்கு ஒரு விரல் போதும்."

முதல் பத்து ஒழுங்காக முடிந்தது. அவன் சொல்ல, நான் சொல்ல, நடுவில் துடுப்புச் சத்தம். பத்தாவதில் மேலே வந்து மூச்சு வாங்கினான். கை முழுக்கச் சிவப்பு. "பயமா இருக்குதாடா?" என்றான். "உன் குரல் தாங்கலடா, அதான்" என்றேன். மறுபடி இறங்கினான்.

இரண்டாவது பத்தில் நான் செய்ததை மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

போனை எடுத்தேன்.

வகுப்பு குரூப்பில் ஏதோ சண்டை. இடது கையில் கயிறு, வலது கையில் போன். வாய் தன் வேலையைப் பார்த்தது. முன்பாதி வந்தது. பின்பாதி சொன்னேன். முன்பாதி வந்தது. பின்பாதி சொன்னேன். மனப்பாடம் என்பதன் சௌகரியமே அதுதான், ஆள் அங்கே இருக்கத் தேவையில்லை.

"தம்பி."

பழனியாத்தாள் பக்கத்தில் நின்றிருந்தார்.

"துடுப்புச் சத்தம் எங்கீங்க?"

"அவன்தான் சொல்லிட்டே இருக்கானேங்க" என்றேன். சொல்லிக்கொண்டுதான் இருந்தான். அருள் நிறைந்த மரியே. தெளிவாக. சரியான இடைவெளியில்.

"சொல்றது எனக்குங் கேக்குது. துடுப்பு எங்க?"

போனைக் கீழே விட்டேன்.

கயிறு அசையவில்லை.

"ஆல்வின்!"

உள்ளே இருந்து அவன் குரல், அவசரமே இல்லாமல், அடுத்த முன்பாதியைச் சொன்னது. சொல்லிவிட்டு நின்றது. என் பதிலுக்காக.

இரண்டு பேரும் இழுத்தோம். படித் திருப்பத்தில் கயிறு சிக்கியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நாலு படி இறங்கி, கையைக் கொடுத்து, சட்டையைப் பிடித்து இழுத்தேன். பழனியாத்தாளின் கையில் நான் நினைத்துப் பார்க்காத பலம் இருந்தது. வெயிலில் கொண்டுவந்து போட்டோம். ஆல்வினின் உதடு திராட்சை நிறத்தில் இருந்தது. வாய் மூடியிருந்தது.

நெஞ்சை அமுக்கினேன். அமுக்கினேன்.

"கண்ணு, ஆல்வினு, சாமி, கண்ணத் தொற சாமி" என்று பழனியாத்தாள் அவன் கன்னத்தைத் தட்டினார்.

அப்போது கதவுக்குள்ளிருந்து ஆல்வின் சொன்னான்:

"அருள் நிறைந்த மரியே..."

என் கை அவன் நெஞ்சில் இருந்தது. அது அசையவில்லை.

குரல் முன்பாதியை முடித்தது.

நின்றது.

நாங்கள் இரண்டு பேரும் கதவைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவும் இல்லை. நான் அமுக்கிக்கொண்டே இருந்தேன். உள்ளே இருந்தது காத்துக்கொண்டே இருந்தது.

ஆல்வின் ஒரு விக்கல் விக்கி, இருமி, மூச்சை இழுத்தான்.

இரண்டும் ஒரே குரல். இங்கே இருமல். அங்கே ஜெபம்.

நொண்டிக்கொண்டே ஜெரோம் வந்தார். மகனைப் பார்த்தார், மண்டியிட்டார், மூக்கில் கை வைத்து மூச்சைப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் அவர் காதில் அது விழுந்தது. அவர் தலை மெதுவாகக் கதவுப் பக்கம் திரும்பியது.

"தம்பி." குரல் உடைந்திருந்தது. "உங்களுக்குங் கேக்குதா?"

"கேக்குது அங்கிள்."

"பழனியாத்தா, உனக்கு?"

"கேக்குதுங்க."

அவர் அழ ஆரம்பித்தார். பயந்து அழுகிறவர் முகம் அப்படி இருக்காது. ரொம்ப நாளாகப் பூட்டிக் கிடந்த ஒன்றைத் திறந்த மாதிரி அழுதார்.

"தொண்ணூத்தெட்டுல எந் தம்பி சூசை உள்ள எறங்குனான். நான் வாசல்ல. நாலாவது ஜெபத்துலயே செத்துட்டான்னு டாக்டர் நேரத்தக் கணக்குப் போட்டுச் சொன்னாரு. நான் பத்து வரைக்கும் பதில் சொல்லியிருக்கேன். காது குடுக்காம வாய்க்கு வந்தத மொணமொணத்துட்டு நின்னேன்னு ஊரே சொல்லுச்சு. எங்கம்மா சாகறவரைக்கும் எங்கூடப் பேசல. நான் கேட்டேன் தம்பி! பத்து வரைக்கும் எந் தம்பி சொன்னான். இப்பச் சொல்றானே, இதே கொரல்ல."

எனக்குக் கேட்டது ஆல்வினின் குரல். அவருக்குக் கேட்டது சூசையின் குரல். பழனியாத்தாளுக்கு யார் குரல் என்று நான் கேட்கவில்லை.

திராட்சை ஏற்ற வந்திருந்த குட்டி யானை வண்டியில் ஆல்வினைப் படுக்க வைத்தோம். "ஏறுங்க அங்கிள்" என்றேன். ஜெரோம் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்துவிட்டிருந்தார்.

"நீங்க போங்க. அன்புக்கரசிய நேரா ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்றேன். எம் பையனுக்கு மூச்சு வந்துருச்சு. இவன் இருவத்தேழு வருசமா உள்ளயே நின்னுட்டிருக்கான்." கதவைப் பார்த்துத் திரும்பினார். "அண்ணன் இருக்கேன்டா. சொல்லு."

வண்டி கிளம்பும்போது அவர் பின்பாதி சொல்வது கேட்டது.

*

மறுநாள் காலையில் ஆல்வின் கண் விழித்தான். மூக்கில் ஆக்சிஜன் குழாய். பக்கத்து நாற்காலியில் அவன் அம்மா தலை சாய்ந்து கிடந்தார்.

"மாப்ள, நீ எதுவும் பேசாத" என்றேன்.

பேசினான்.

"நாலாவதுல முழங்கால் போயிருச்சுடா. உன்னக் கூப்புடணும்னு வாயத் தொறந்தேன். சத்தம் வரல."

"விடுடா."

"இல்ல, கேளு. சத்தம் வரல. ஆனா எம் பக்கத்துல நானே ஜெபம் சொல்லிட்டிருந்தேன். காதுகிட்ட. நான் விழறதப் பாத்துக்கிட்டே சொல்லிட்டிருந்தேன். நீயும் மேல இருந்து பதில் சொல்லிட்டே இருந்த." கண்ணை மூடிக்கொண்டான். "பதில் சொல்லாம இருந்திருந்தா நீ இழுத்திருப்பேல்ல?"

போர்வையை அவன் நெஞ்சுவரை இழுத்துவிட்டேன். அந்தக் கேள்விக்கு இன்றுவரை நான் பதில் சொல்லவில்லை.

ஆனால் ஒன்று புரிந்தது. தொண்ணூற்றெட்டில் சூசை நாலாவதில் விழுந்தார் என்றால், பத்துவரை சொன்னது சூசை இல்லை. அவருக்கு முன்பே அங்கே இருந்த ஒன்று. வாசலில் இருப்பவன் இழுத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொன்ன ஒன்று. நேற்று நாங்கள் கிளம்பும்போது ஜெரோம் பதில் சொல்லிக்கொண்டிருந்தது தன் தம்பிக்கு இல்லை.

இதை அவரிடம் சொல்லியாக வேண்டும். விட்டால் இன்றைக்கோ நாளைக்கோ அவரே இறங்குவார். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

நேற்றே கடைக்குக் கொடுத்தனுப்பியிருந்த மோட்டாரை, காயில் கட்டி முடித்த அத்தாவிடம் வாங்கிக்கொண்டு பத்தரைக்குத் தோட்டத்துக்குப் போனேன். ஜெரோம் அதே இடத்தில் இருந்தார். கண் சிவந்திருந்தது, குரல் தேய்ந்திருந்தது, முகம் மட்டும் பத்து வயது குறைந்த மாதிரி. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ராத்திரி மூணு மணிக்கு நிறுத்திட்டான் தம்பி. தூங்கட்டும்னு நானும் உட்டுட்டேன்."

மோட்டாரை மாட்டினேன். ஃபேன் ஓடியது. அரை மணி நேரம் ஓடவிட்டு, ஒரு மெழுகுவத்தியைக் கொளுத்தித் தகர டப்பாவில் வைத்து, கயிற்றில் கட்டிப் படித் திருப்பம்வரை இறக்கினேன். அணையவில்லை. இழுத்துப் பார்த்தேன், சுடர் நேராக நின்று எரிந்தது. காற்று சுத்தம்.

"அப்ப நான் எறங்கறேன்" என்றார் ஜெரோம். "நேத்து மத்தியானத்துல இருந்து ஏடு அமுக்கல. காடியாயிருக்கும். இருந்தாலும் பாக்கணும்."

"அங்கிள், ஆல்வின் ஒண்ணு சொன்னான்."

"தெரியும். அன்புக்கரசி போன்ல சொன்னா."

"அப்ப உள்ள இருக்கறது சூசை சித்தப்பா இல்லீங்க."

"சூசைதான்."

"நாலாவதுலயே அவர்..."

"தம்பி." கட்டுப் போட்ட காலைப் படியில் வைத்தார். கோபமே இல்லை அந்தக் குரலில். "அது சூசை இல்லேன்னா, நான் இருவத்தேழு வருசம் என்னங்க பண்ணிட்டிருந்தேன்?"

கயிற்றை அவர் நெஞ்சில் நானே கட்டினேன். இரண்டு முடிச்சு. ஃபேன் ஓடுகிறது, காற்று சுத்தம், கயிறு என் கையில். இன்ஜினியரிங்படி அவருக்கு ஒன்றும் ஆகாது. ஜெபத்துக்கு மட்டும் நான் பதில் சொல்லப் போவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். பதில்தானே அதற்கு வேண்டும்? கொடுக்காவிட்டால் என்ன செய்யும் என்று பார்த்துவிடலாம்.

அவர் திருப்பத்தில் மறைந்தார். துடுப்புச் சத்தம் கேட்டது. சளப். சளப். கயிறு அதற்கேற்ப அசைந்தது.

"அருள் நிறைந்த மரியே..." என்றார் உள்ளே இருந்து.

நான் வாயை இறுக மூடிக்கொண்டேன்.

முன்பாதி முடிந்தது. ஃபேன் சத்தம் மட்டும்.

பிறகு பதில் வந்தது.

"புனித மரியே..."

உள்ளே இருந்து வந்தது.

என் குரலில்.

கான்வென்ட் அசெம்பிளியில் நான் சொல்கிற அதே அலட்சியத்தோடு, கடைசி வார்த்தையை விழுங்கி விழுங்கி. கையைத் தூக்கி என் உதட்டைத் தொட்டுப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது.

ஜெரோமுக்கு அதில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. இரண்டாவது முன்பாதியைச் சொன்னார். நான் உள்ளே இருந்து பதில் சொன்னேன். மூன்றாவது. நான்காவது. நான்காவதில் என் இரண்டு கைகளும் கயிற்றில் இருந்தன. கயிறு அசைந்தது, துடுப்பு விழுந்தது, அவர் சொன்னார். அடுத்ததற்கும் அசைந்தது. நான் அவ்வளவு கவனமாக எந்த வகுப்பிலும் உட்கார்ந்ததில்லை.

பத்தாவது முடிந்ததும் துடுப்பைச் சுவரில் சாய்க்கிற சத்தம். நொண்டிக்கொண்டே படியேறி வந்தார். திருப்பத்தில் முதலில் கை தெரிந்தது, பிறகு முகம். வெயிலுக்கு வந்து நின்றார். நான் அவர் தோளைப் பிடித்தேன். சூடாக இருந்தது. உயிரோடுதான் இருந்தார்.

"காடியாகலீங்க தம்பி!" என்றார். "ஏடு கெட்டியாகவே இல்ல. நேரத்துக்கு நேரம் யாரோ அமுக்கிவிட்ட மாதிரி பதமா இருக்குது. நாந்தான் சொன்னேனே, அவந்தான்னு." என் முதுகில் தட்டினார். "நல்லாப் பதில் சொன்னீங்க. பக்கத்துலயே நின்னு சொன்ன மாதிரி இருந்துச்சு."

நான் சொல்லவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன்.

பழனியாத்தாள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். ஜெரோம் வாங்கி, தலையை அண்ணாந்து, உதட்டில் படாமல் கடகடவென்று ஊற்றிக்கொண்டார். அவர் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கதவுக்குள்ளே துடுப்பு மறுபடியும் விழுந்தது.

சளப்.

ஜெரோமின் குரல், அடியில் இருந்து, பதினோராவது முன்பாதியைச் சொல்லி முடித்துவிட்டு நின்றது.

செம்பில் இன்னும் தண்ணீர் இருந்தது. அவர் இன்னும் குடித்துக்கொண்டிருந்தார்.